நான்காவது பெல்ட்

1

வாசகப் பெருமக்களே, வாருங்கள்! ஒரு பெண்ணின் கைமீது பொய்ப்பழி சுமத்தப்பட்டிருக்கிறது. அதற்கு நீங்கள் சாட்சியாக நிற்க வேண்டும். பழி சுமத்தியவர் கொடியவர் அல்லர். அதுதான் இவ்வழக்கின் சிக்கல்.

கதை பிறந்த இடத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பழைய காரைப் பிரேக் பார்க்கக் கொடுத்துவிட்டு, ஒரு கார் ஒர்க்‌ஷாப்பின் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து ஒரே ஒரு கேள்வி காதில் விழுந்தது: "மூணு பெல்ட்டும் நீ மாட்டினதுதானே?" பதில் வருவதற்குள் என் கார் தயாராகிவிட்டது. அந்தப் பதில் கிடைக்காத குறைக்குத்தான் இதை எழுதுகிறேன். கேள்வி உண்மை. மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

தொடக்கம் ஒன்று: "உழைக்கும் கரங்களே! உங்கள்மீது விழும் ஒவ்வொரு பழியும் நாளைய..."

(அடித்துவிட்டேன். இது மேடைக்கு ஆகும், ஒலிபெருக்கியும் உண்டு. கதையில் கை என்றால் அது ஒருத்தியின் கையாக இருக்க வேண்டும்; நகக்கண்ணில் கிரீஸ் இருக்க வேண்டும்.)

தொடக்கம் இரண்டு: "பாயக் காத்திருக்கும் சிறுத்தையைப்போல் அந்த ஸ்போர்ட்ஸ் கார்..."

(காரைச் சிறுத்தை என்று சொல்லாதவர் நாட்டில் யார் மிச்சம்?)

நேராகவே சொல்கிறேன். ஒர்க்‌ஷாப் அண்ணனுடையது. ஊரே அவரை மாஸ்டர் என்று அழைக்கும். இஞ்சின் வேலை தங்கையுடையது. வந்த கார் ஒரு பல் டாக்டருடையது. ஈய நிறம், இரண்டே இருக்கை, அதில் சூப்பர்சார்ஜர் பொருத்தியிருந்தது. இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி அது. அதைச் சுழற்றுவது ஒரு ரப்பர் பெல்ட். பெல்ட் அறுந்தால் அந்தக் காரின் வீராப்பு அத்தனையும் அடங்கிப்போகும்.

மூன்று முறை அறுந்துவிட்டது.

3

மூன்றாம் முறை கார் இழுவை வண்டியில் வந்து இறங்கியது. பின்னாலேயே பல் டாக்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"மாஸ்டர், நான் பிடுங்குற பல்லுகூட இவ்வளவு சுலபமா வர்றதில்ல. உங்க பெல்ட் தானா வந்துடுது."

"கோவிச்சுக்காதீங்க டாக்டர். இந்தத் தடவை கம்பெனியவே மாத்திடுறோம்."

"போன தடவையும் கம்பெனியதானே மாத்துனீங்க?"

தங்கை காரின் முன்மூடிக்குள் தலையை விட்டபடி சொன்னாள்: "பெல்ட் ஓடுற உருளையோட பேரிங்கையும் மாத்தியாச்சு, ஆயில் கசிவும் இல்ல. மிச்சம் இருக்கறது டாக்டர் காலுதான். கொஞ்சம் மெதுவா மிதிங்க சார்."

பல் டாக்டர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. டாக்டர் போனதும் தங்கையின் பக்கத்தில் வந்து நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"மூணு பெல்ட்டும் நீ மாட்டினதுதானே?"

"நான்தான். நீயும்தான் பாத்தே."

"இன்னொண்ணு அறுந்துச்சுன்னா நீ இஞ்சின் பக்கம் வராதே. முன்னாடி மேசையில உக்காந்து போன் எடு."

"அண்ணே!"

"கடைப் பேரு போகுதும்மா."

இதுதான் அவளுக்கு வந்த ஆபத்து. போன் எடுப்பது இழிவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஓர் இஞ்சினின் ஓசையிலேயே நோயறியும் ஒருத்தியை, மணியடித்தால் 'வணக்கம்' சொல்லும் வேலையில் உட்காரவைப்பது அவள் மூச்சைப் பிடித்து நிறுத்துவதற்குச் சமம்.

4

இங்கே எனக்கு ஓர் இடைஞ்சல். முதல் வரைவில் அண்ணனை ஆணவக்காரராகத் தீட்டியிருந்தேன், மீசையெல்லாம் வைத்தேன். ஆணாதிக்கத்தின் கோட்டையை ஒரே வீச்சில் இடித்துத் தள்ளலாம் என்ற ஆசை. ஆனால் எழுத எழுத ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது: இந்தப் பெண் இஞ்சினைத் தொட்டது எப்படி? யாரோ ஒருவர் வழிவிட்டிருக்க வேண்டுமே?

வழிவிட்டவர் அண்ணன்தான். "பொம்பளப்புள்ள வண்டிக்கடியில படுக்கறதா?" என்று அப்பா குதித்தபோது, "அப்ப நானும் படுக்கல, கடையப் பூட்டுங்க" என்று சாவியை வீசியவர் அவர். ஊரில் பேசியவர்களின் வாயை அடைத்தவரும் அவரே.

ஆக, என் கோட்டை இடிபடவில்லை; என் பேச்சுதான் இடிந்தது. கதவைத் திறந்துவிட்டவர்மீது எப்படிக் கல்லெறிவது? (மீசையை எடுத்துவிட்டேன்.)

5

அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. யார் வேலை செய்தாலும், வண்டிக்காரர் கண்முன்னே கடைசி போல்ட்டை மாஸ்டர்தான் முறுக்குவார். அளவு காட்டும் ஸ்பேனரால் தங்கை ஏற்கெனவே இறுக்கியிருப்பாள். அளவு வந்ததும் அது 'டக்' என்று சொல்லும். அதற்கு மேல் அண்ணன், நீளக் கைப்பிடி ஸ்பேனரால், தோளைச் சாய்த்து ஒரு முறுக்கு. "இது நம்ம முத்திரை" என்பார். வண்டிக்காரர்கள் செல்போனில் படம்பிடிப்பார்கள். முன்மூடி சாத்தப்படும். முடிந்தது.*

*இத்தனை காலம் இதனால் ஒரு வண்டியும் கெட்டதில்லையே என்று யாரேனும் எழுந்து கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மற்ற வண்டிகளில் அந்தப் போல்ட் இறங்கும் தாங்கி இரும்பு. எவ்வளவு முறுக்கினாலும் தாங்கும்.

நான்காவது பெல்ட்டை மாட்டும் முன், அறுந்த மூன்றையும் தங்கை மேசையில் பரப்பினாள். மூன்றும் ஒரே விளிம்பில் நைந்திருந்தன. இஞ்சினை ஒட்டிய விளிம்பு. பெல்ட் மட்டமான சரக்கென்றால் கண்ட இடத்தில் பிய்யும். ஒரே விளிம்பு தேய்கிறதென்றால் ஓடும் பாதை கோணல்.

மாட்டினாள். எஃகு ஸ்கேலை உருளைகளின் குறுக்கே வைத்தாள். இம்மி பிசகில்லை. இப்படித்தான் மூன்று முறையும் வைத்துப் பார்த்திருந்தாள். மூன்று முறையும் நேராகத்தான் இருந்தது.

டாக்டர் வருகிற நேரம் என்று அண்ணன் வந்து தம் முத்திரையைப் போட்டார். போன் அடித்தது. ஒரு கடைவாய்ப்பல் வரமாட்டேன் என்று அடம்பிடிப்பதால் டாக்டர் தாமதமாவாராம். அண்ணன் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். முன்மூடி திறந்தபடியே கிடந்தது.

வேறு வேலை இல்லாமல் தங்கை மறுபடியும் ஸ்கேலை வைத்தாள்.

ஸ்கேலுக்கும் உருளைக்கும் நடுவே, ஒரு முனையில் வெளிச்சம் கசிந்தது.

முத்திரை விழுந்த போல்ட்டைத் தளர்த்தினாள். 'டக்' வரை மட்டும் இறுக்கினாள். வெளிச்சம் மறைந்தது. உருளையைத் தாங்கிய அலுமினியத் தாங்கி, அண்ணனின் அந்த ஒரு முறுக்கில் சாய்ந்திருக்கிறது! பெல்ட்டை அறுத்தது அவள் கை அன்று. அளந்ததெல்லாம் அவர் முறுக்குவதற்கு முன்னால். முறுக்கிய பின் அளக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மாஸ்டரின் கையை யார் அளப்பார்?

வாசலில் பேச்சுக்குரல். அண்ணன் டாக்டரோடு உள்ளே வந்தார்.

"வந்துட்டாரு. அவரு பாக்கட்டும், இன்னொரு முறுக்குப் போட்டுடலாம். ஸ்பேனரக் குடும்மா."

6

முடிவு ஒன்று: அவள் வீரவுரை ஆற்றுகிறாள். அண்ணன் கண்கலங்கி ஸ்பேனரை அவளிடமே ஒப்படைக்கிறார். டாக்டர் கைதட்டுகிறார். (எழுதினேன். உரை மூன்று பக்கம் போயிற்று. ஒவ்வொரு வரியிலும் பேசியது நான். அவள் வாயே திறக்கவில்லை. கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அவர் ஆசைப்படி முறுக்கட்டும். அவர் திரும்பியதும் அவள் சத்தமில்லாமல் தளர்த்திச் சரிசெய்துவிடுகிறாள். பெல்ட் நிலைக்கிறது. அவள் வேலையும் நிலைக்கிறது. 'மாஸ்டர் கைன்னா கைதான்' என்கிறார் டாக்டர். எல்லாருக்கும் சந்தோஷம்.

இதை எழுதும்போதுதான் பேனா தங்கு தடையின்றி ஓடியது. அதனாலேயே அஞ்சினேன். எத்தனை அலுவலகங்களில், எத்தனை அடுக்களைகளில், மேலிருப்பவரின் கோணலைக் கீழிருப்பவர் ஓசைப்படாமல் நிமிர்த்திக்கொண்டே காலம் தள்ளுகிறார்! இந்த முடிவை எழுத நான் மறுக்கிறேன்.

முடிவு மூன்று:

அவள் ஸ்பேனரைக் கொடுக்கவில்லை. எஃகு ஸ்கேலை நீட்டினாள்.

"முதல்ல இத வெச்சுப் பாருண்ணே. அப்புறம் முறுக்கு. முறுக்கிட்டு மறுபடி வெச்சுப் பாரு."

"டாக்டர் முன்னாடியா?"

"டாக்டர் காருதானே?"

அண்ணனின் முகம்...

இங்கே நிறுத்துகிறேன். அந்த முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியாது. அது அவர் கையில் மட்டும் இல்லை. பக்கத்தில் ஒருவர் நிற்கிறாரே! அவர் கேலியாகச் சிரித்தால் அண்ணன் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொள்வார். தங்கை போன் மேசைக்குப் போவாள். அவர் வாளாவிருந்தாலும் அதே கதிதான். "வெச்சுத்தான் பாப்போமே மாஸ்டர்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், ஒரு நல்ல மனிதர் தலைகுனியாமலே திருந்தலாம்.

பல் டாக்டரின் இடத்தை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். வந்து நில்லுங்கள். அந்த ஒரு வார்த்தையை இந்தத் தாளில் மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், நாளைக் காலை நீங்கள் வேலைக்குப் போகும் இடத்தில், எல்லாரும் பார்த்திருக்க, எவரும் அளந்திராத அந்தக் கைக்கு நேரே நின்று சொல்லுங்கள்: "முறுக்கின பிறகும் ஒரு தடவை அளந்து பாருங்க!"