சத்தம் தணிகிற நேரம்

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியில் கோத்திருந்த நீரை முந்தானையால் துடைத்தாள் ருக்குமணி. கணவர் தங்கராசுவின் முகம் தெரிந்தது. கரண்டு போனதிலிருந்து பெட்டியின் முனகல் நின்றிருந்தது.

"நாட்டுக்கே கரண்டு குடுக்கிற ஊரு பக்கத்துலயே இருக்கு. நம்ம வடக்குத்து ஊர்ல செத்தவனுக்கு இல்ல," என்றார் பந்தலில் ஒருவர். யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

தங்கராசுவின் அண்ணன் உள்ளே வந்தார்.

"ஏம்மா, இனிமே வச்சிக்கினு இருக்க முடியாது. தூக்கிடலாம்."

"இசைப்பிரியா வந்துடட்டும் மாமா. பெங்களூர்லேருந்து வந்துகினு இருக்கா."

"அதுவரைக்கும் ஒடம்பு தாங்கணுமே."

நான் வராமல் எடுத்துடாதம்மா என்று மட்டும்தான் மகள் போனில் சொன்னாள். அதற்குமேல் அழுகை.

வீட்டுக்குப் பின்னால், முந்திரி உடைக்கும் கொட்டகையில் எஞ்சின் தடதடத்தது. தங்கராசு ஓட்டிய, கரண்டு தரும் டீசல் எஞ்சின். அவரோடு வேலை பார்த்த கண்ணையன் அங்கிருந்து வயரை இழுத்துவந்து பெட்டிக்குக் கொடுத்தான். முனகல் திரும்பியது.

"டீசல் அடியில கெடக்குது அண்ணி. தனி டீசல்ல ஓட்டுனா பாப்பா வர்றதுக்குள்ள தீந்துடும்."

"கட்டை கேஸ ஏத்தேன்."

"உலையில சவுக்குக் கட்டை போட்டுப் பத்தவச்சிட்டேன். அந்தப் புகை கேஸா எஞ்சினுக்கு ஏறிட்டா, தீ புடிக்க மட்டும் டீசல் குடிக்கும். பொழுது சாயுற வரைக்கும் ஓடும்." அவன் தயங்கினான். "கேஸ் வால்வ எப்பவும் தங்கராசு அண்ணன்தான் திருப்புவாரு. ஏடாகூடமா திருப்பிட்டா நின்னுடும்."

"பக்கத்துலயேதான இருந்த. திருப்பு."

அவன் போனான். அவள் பெட்டியருகே உட்கார்ந்தாள். வந்திருந்த பெண்கள் விலை, வெயில் என்று எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு எஞ்சின் மட்டும் கேட்டது.

ஒருமுறை திணறியது. நின்றுவிடும் போலிருந்தது. பெட்டியும் கூடவே விக்கியது. பிறகு கேஸ் ஏறி, தடதடப்பு தணிந்து, சீராக ஓடத் தொடங்கியது.

தங்கராசுவின் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வரட்டும். பொண்ணு வந்தே எடுக்கலாம்."

ருக்குமணி எழுந்தாள். நேராகச் சமையலறைக்குப் போய் டம்ளரை எடுத்தாள். தினமும் அந்தச் சத்தம் தணிந்த பிறகுதான் டீ போடுவாள். கேஸ் ஏறியபின் எஞ்சினைக் கண்ணையனிடம் விட்டுவிட்டு தங்கராசு பின்கதவு வழியாக வருவார். பேச்சு குறைவான மனிதர். வருகிறேன் என்பதையும் எஞ்சின்தான் சொல்லும்.

சாவு வீட்டில் அடுப்பு பற்றவைத்திருக்கவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள்.

பிறகு போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கிவைத்தாள்.