பாலத்துக்கு இந்தப் பக்கம் இரண்டு ஜெனரல்கள்

என் அப்பா ஹம்ராகுல் சோவியத் படையில் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வாடகைக்கு வந்த ஈஷான்குலும் ஜெனரல்தான், ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆப்கன் படையில். காபூல் விழுவதற்குச் சற்று முன்பு, மிச்சமிருந்த ஆட்களோடு பாலத்தைக் கடந்து இக்கரை எல்லை ஊரான எங்கள் தெர்மெஸுக்கு வந்தவர். இளவயதில், சோவியத் படை ஆப்கனுக்குள் இருந்தபோது, அப்பாவின் படையை மலைமேலிருந்து சுட்டவரும் அவரே. அது தெரியவந்த நாளில் அப்பா இன்னொரு கிண்ணத்தில் தேநீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

அதன்பிறகு திராட்சைப் பந்தலின் கீழ் தினமும் ஒரே வழக்குதான்.

"எங்க ஆளுங்கள்ல ஒருத்தர் இருந்தார். படை அழிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சதும் தன்னையே சுட்டுக்கிட்டார். அதுக்குப் பேருதான் மானம்" என்பார் அப்பா.

"செத்துட்டா ஆச்சா? சிப்பாயோட பொண்டாட்டி வந்து கேட்டா யாருண்ணே பதில் சொல்றது? எங்க பக்கம் ஜெனரல்னா மொதல்ல சோறு போடணும். சண்டையெல்லாம் அப்புறம்."

"அதான் சோறு கெடைக்கிற பக்கமா மூணு தடவ கட்சி மாறினியோ?"

"நாலு. நீங்க ஒரு தடவகூட மாறல. உங்க நாடுதான் காணாமப்போச்சு."

அப்பா சிரித்துவிடுவார்.

வசந்தத்தில் பீபிநிசா என்ற பெண் வந்தாள். கண் வைத்தியத்துக்கென்று அனுமதி வாங்கி ஆற்றைக் கடந்தவள், விசாரித்து விசாரித்து எங்கள் வாசலுக்கு வந்திருந்தாள்.

"நீங்கதானே கமாண்டர்? எம்புள்ள ரஹ்மத்த எங்க விட்டீங்க?"

ஈஷான்குல் எழுந்து நின்றார். "கணவாய்க் காவல் சாவடியில இருந்தான்மா. எறங்கி வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். அந்த ஆள் போய்ச் சேந்தானான்னு தெரியாது. நான் காத்திருக்கல. பாலத்தத் தாண்டிட்டேன்."

"தாண்டறப்ப திரும்பியாவது பாத்தீங்களா?"

"பாக்கல."

சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. நான் கொண்டுவைத்த ரொட்டியை யாரும் பிட்கவில்லை.

அவள் போனபின் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

"எனக்குக் கீழ செத்தவங்கள தகரப்பெட்டியில அடைச்சு எங்கெங்கயோ அனுப்பினோம்மா. நான் கையெழுத்துப் போட்டதோட சரி. ஒருத்தனோட அம்மாகூட எங்கிட்ட வந்து கேக்கல."

"வந்திருந்தா என்னப்பா சொல்லியிருப்பீங்க?"

"மேலிடத்துக் கட்டளைன்னு சொல்லியிருப்பேன். அவளும் வாய மூடிக்கிட்டுப் போயிருப்பா."

மறுநாள் ஈஷான்குல் பீபிநிசாவோடு பாலத்துச் சுங்கச்சாவடிக்குப் போனார். அந்தப் பக்கமிருந்து வரும் லாரிக்காரர்களிடம் அவள் கொடுத்த ரஹ்மத்தின் படத்தைக் காட்டி விசாரித்தார். முழங்கால் வலியோடு அப்பாவும் போனார். "உங்களுக்கு எதுக்குண்ணே இந்த அலைச்சல்?" என்று ஈஷான்குல் கேட்டதற்கு, "வீட்ல உக்காந்தா மட்டும் என்ன கிழிக்கப்போறேன்?" என்றார்.

அனுமதி முடிந்து பீபிநிசா திரும்பிப் போய்விட்டாள். ஹாம்பர்க்கில் குடியேறிய தன் மகன் வந்துவிடச் சொல்லியும் ஈஷான்குல் போகவில்லை. இருவரும் இன்னும் லாரி வரிசைக்குத்தான் போகிறார்கள். நேற்று நானும் உடன் போயிருந்தேன். மாவு லாரி ஓட்டிவந்தவன் படத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தான்.

"அந்தக் கணவாய்ப் பக்கம் இப்ப யாரும் போறதில்ல, பெரியவரே."

"யாராவது போனா கேட்டுச் சொல்லுப்பா" என்றார் அப்பா.

அவன் தலையாட்டினான். கேட்பான் என்று இருவரும் நம்பியதாகத் தெரியவில்லை. அடுத்த லாரியை நோக்கி மெதுவாக நடந்தார்கள்.