சுரண்டிய முகம்

1937, மாசி மாதம். பூந்தமல்லி கடைத்தெருவில் எங்கள் ஸ்டூடியோவில் அன்று காலை நான்கு பேர் இருந்தோம். முதலாளி பரந்தாமன் மேசைக்குப் பின்னால். வேம்புலியம்மாள் தரையில். படத்துக்கு உட்காரும் மெத்தை நாற்காலி காலியாகத்தான் இருந்தது; "அதுல குந்துனா என்னையும் புடிச்சிடுவீங்க" என்று மறுத்துவிட்டாள். அவள் தம்பி வீராசாமி வாசற்படியில், முதுகு வெயிலில். நான் ஜன்னலோரம், டச்சிங் பலகைக்கு முன்னால். நெகட்டிவ் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, பென்சிலாலும் கத்தியாலும் திருத்துவது என் வேலை.

எண்ணூருக்கு வடக்கே ஒரு குப்பத்திலிருந்து அவர்கள் விடியுமுன்பே கிளம்பி வந்திருந்தார்கள்.

"கடலே இல்லாத ஊர்ல கடல் படம் விக்கறாங்க பாருக்கா" என்றான் வீராசாமி.

"நீ வாய மூடுடா" என்றவள், முதலாளியிடம், "நைனா, ஆவணி மாசம் எங்க குப்பத்துக்கு வந்தீங்களே, வலை இஸ்துக்கினு இருந்தப்போ படம் புடிச்சீங்களே. அதுல எங்க ஊட்டுக்காரரு கீறாரு. துலுக்கானம்னு பேரு. அந்தப் படம் ஒண்ணு குடுங்க" என்றாள்.

"அவரையே அனுப்பியிருக்கலாமே அம்மா."

"ஐப்பசில கட்டுமரத்துல போனவரு திரும்பல. மரம் மட்டும் ஒதுங்குச்சு, ஆளு ஒதுங்கல. பொண்ணு பொறந்து நாப்பது நாளு ஆவுது. இதான் உங்கப்பன்னு காட்டறதுக்கு ஒரு மொகம் வேணும் நைனா."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன்.

எந்தப் படம் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். பட்டணத்தில் நடந்த தொழில் கண்காட்சிக்கு, மீனவர் வேலையைக் காட்டும் பன்னிரண்டு படங்கள் கேட்டிருந்தார்கள். கரைவலை இழுக்கும் ஏழு பேரைக் கயிற்றோடு நிற்கவைத்து, "எல்லாரும் கடலைப் பாருங்க, யாரும் அசையாதீங்க, அசைஞ்சா மூஞ்சி அழிஞ்சிடும்" என்று முதலாளி கத்தினார். ஆறு பேர் கடலைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் காமிராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தான். கண்ணாடி பிளேட் அந்த ஒன்றுதான் மிச்சமிருந்தது; மறுபடி எடுக்க வழியில்லை.

ஊர் திரும்பி நெகட்டிவைக் கழுவிப் பார்த்ததும் முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "வேலை செய்யறவன் காமிராவைப் பார்ப்பானா? கல்யாணப் படம் மாதிரி இருக்கு. இவன் மூஞ்சிய அமுக்கிடு மணவாளா."

அமுக்கினேன். நெகட்டிவில் வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் கறுப்பாக இருக்கும். அந்த நெற்றியின் பளபளப்பு, மூக்குத் தண்டு, பற்கள் எல்லாவற்றையும் கத்தி முனையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். ஒரு பகல் முழுக்க ஆயிற்று. அச்சில் அந்த முகம் நிழலில் இருப்பதுபோல் வந்தது. கத்தி பட்ட அடையாளமே தெரியவில்லை என்று கண்காட்சிக்காரர்கள் முன்னால் நான் உள்ளூர மார்தட்டிக்கொண்டதும் உண்டு.

முதலாளி அலமாரியிலிருந்து அந்த அச்சை எடுத்துக் கொடுத்தார். அவள் தேடவே இல்லை. ஆறாவது ஆளின் இடுப்பில் விரலை வைத்தாள். "இவருதான். கயித்த எடது பக்கமா சுத்திக்கிறது இவரு ஒருத்தர்தான்." விரல் மேலே போயிற்று. நின்றது.

"மொகம் எங்க?"

முதலாளி அலமாரியைச் சாத்தப் போனார். நான்தான் பேசினேன். "படமே அப்படித்தான் விழுந்ததும்மா. சில சமயம் அப்படி ஆயிடும்."

அவள் அச்சை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"அசஞ்சிட்டாரு" என்றாள். "நான் மீன் கூடையோட அந்தாண்ட நின்னுக்கினு இருந்தேன். இன்னாய்யா பல்ல காட்டற, மூடுய்யான்னு கத்தினேன். அதுல அசஞ்சிட்டாரு. அசஞ்சா அழிஞ்சிடும்னு இந்த நைனா அப்பவே சொன்னாரு. என்னாலதான்."

"உன்னால இல்லக்கா, வுடு" என்றான் வீராசாமி.

"உனக்கின்னாடா தெரியும்? நாந்தான கத்தினேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு வாக்கியம் போதும். பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினேன். அவள் அச்சை முந்தானையில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போய் வீராசாமியிடம் விலாசம் கேட்டேன். "எங்களுக்கு எழுத்து வராது அண்ணாத்தே. கடுதாசின்னா பள்ளிக்கூடத்து தங்கவேல் வாத்தியாரு பேருக்குப் போடு, அவரு படிச்சிக் காட்டுவாரு" என்றான். பஸ் வந்தது. போய்விட்டார்கள்.

நான்கு நாள் கழித்து, ஒரு மத்தியானம் காகிதத்தை எடுத்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு?"

சொன்னேன்.

"பைத்தியமாடா உனக்கு? போனவன் போயிட்டான். நாம சுரண்டுறது கண்காட்சிக்காரன் காதுக்குப் போனா அடுத்த படம் கேப்பானா? ஊர் ஊரா தண்டோரா போடப் போறியா?"

"அவங்க தன்னாலன்னு நெனச்சுக்கிட்டுப் போறாங்க சார்."

"நெனச்சா நெனச்சுட்டுப் போவட்டும்." சொல்லிவிட்டு இருட்டறைக்குள் போனார். காகிதத்தைப் பிடுங்கவில்லை.

கடிதம் எழுதுவதில் எனக்கு ஒரு முறை உண்டு. இடம், தேதி, விஷயம், பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எண் போட்டுச் செய்திகள். அன்று எண் போட வரவில்லை. "முதலாளி சொன்னதால்" என்று தொடங்கியதை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்:

"அம்மா, உங்கள் கணவர் அசையவில்லை. நீங்கள் கத்தியதால் ஒன்றும் அழியவில்லை. படம் நன்றாக விழுந்திருந்தது. அவர் காமிராவைப் பார்த்ததால் கண்காட்சிக்கு ஆகாது என்று அந்த முகத்தை நான் என் கையால் கத்தி வைத்துச் சுரண்டி எடுத்தேன். அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. அன்று உங்கள் எதிரில் நான் சொன்னது பொய். ஒரு பகல் முழுக்க அந்த முகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவன் நான். இடது புருவத்தில் குறுக்கே ஒரு தழும்பு. மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து. சிரிக்கும்போது வலது கன்னம் மட்டும் மடிந்தது. பார்வை காமிராவுக்குச் சற்றுத் தள்ளி, கூடைக்காரிகள் நின்ற பக்கம் இருந்தது. காமிராவைப் பார்க்கிறார் என்று நாங்கள்தான் தப்பாக எண்ணினோம். இதைக் குழந்தைக்குச் சொல்லுங்கள்."

மன்னிப்பு என்ற சொல்லை எழுதி, படித்துப் பார்த்து, அடித்துவிட்டேன். கையெழுத்துப் போட்டு மடித்தேன். அச்சு ஒட்டும் பசையை விரலால் தடவிக் கவரை மூடினேன். தங்கவேல் வாத்தியார் பேரை எழுதி, தபாலாபீசுக்கு நடந்துபோய், தபால்களைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தவர் கையிலேயே கொடுத்தேன். அவர் முத்திரை குத்திப் பைக்குள் போட்டார்.