இஞ்சினியர் பங்களாவில் ஒரு கன்னிக்கால்

குளம் கட்ட வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் தனக்கென்று கட்டுவித்த பங்களாவுக்கு இப்போது நான் பொறுப்பு. பிரதேச சபை அதைத் திருத்தி, ஓடு போட்டு, 'மரபுரிமைக் கட்டடம்' என்று பெயரும் வைத்து, கலியாணம், பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, பயிற்சிப் பட்டறை எல்லாவற்றுக்கும் வாடகைக்கு விடத் தீர்மானித்த நாளில், "ஆர் பொறுப்பெடுக்கிறது?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். நிமிர்ந்த தலை என்னுடையது மட்டும்தான்.

ஐந்து வருடமாகிறது. ஒரே வரவேற்புரையை இருநூறு வாய்களிலிருந்து கேட்டுவிட்டேன். கிளிநொச்சியில் நடக்கும் எந்த விழாவிலும் பிரதம விருந்தினர் எத்தனை மணிக்கு வரமாட்டார் என்று என்னால் சரியாகச் சொல்ல முடியும். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். அதுவரை எந்தக் கடதாசியிலும் என் பெயர் சிவப்பு மையில் வரக்கூடாது என்பது மட்டுமே என் இலட்சியம்.

பங்களாவுக்குப் பன்னிரண்டு விதிகள். தட்டச்சு செய்தவன் நானே. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. படியில் தேங்காய் உடைக்கக்கூடாது. ஒன்பதாவது, வளவுக்குள் எந்த இடத்திலும் நிலத்தைத் தோண்டக்கூடாது. இந்த ஒன்பதாவதை மட்டும் தனியாக ஒரு பலகையில் மூன்று மொழியிலும் எழுதி, இரும்புக் குழாயில் பூட்டி, வாசல் மூலையில் நட்டிருந்தார்கள்.

அந்த விதிக்கு நான் மனதாரப் பயந்தேன். இந்த மண்ணில் தோண்டினால் வராதது தண்ணீர் ஒன்றுதான். வெடிக்கிற ஏதாவது வரும். இல்லையென்றால் பழைய ஓட்டுத்துண்டு வரும், அதன் பின்னால் ஆராய்கிறவர்கள் வருவார்கள். வெடிக்கிறதாவது ஒருதரம் வெடித்துவிட்டு ஓய்ந்துவிடும்.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமைக் கலியாணத்துக்குக் கதிரை இறக்க நவ்பர் லொறியோடு வந்திருந்தான். முல்லைத்தீவுக்காரன், பந்தலும் கதிரையும் வாடகைக்கு விடுகிறவன்.

"அண்ணன், உங்கட போர்ட் போன கிழமையை விடச் சரிஞ்சு நிக்குது. ஒருநாளைக்கு ஆரின்ட தலையிலயாவது விழும்."

"விழுந்தா என்ர தலையிலதான் விழும். நீ கதிரையை எண்ணு."

அப்போதுதான் ஜெகதீஸ்வரி அக்கா உள்ளே வந்தார். கலியாணப் பெண் கிருசாந்தியின் தாய். கையில் ஈரத்துணி சுற்றிய முள்முருக்கம் தடி. பின்னால் நாலைந்து பெண்கள் தாம்பாளங்களோடு. எல்லோருக்கும் பின்னால், சற்றுத் தள்ளி, மூத்த மகள் தயாளினி. அவளுடைய கையில் குழி தோண்டுகிற அலவாங்கு.

"என்னக்கா, அலவாங்கோட?"

"கன்னிக்கால் ஊண்ட வேண்டாமோ, தம்பி? ஒன்பது பத்திலயிருந்து பத்துமணி மட்டும் நல்ல நேரம்."

கலியாணத்துக்கு முன் பெண் வீட்டு ஈசான மூலையில் ஊன்றுகிற கால் அது. துளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்பார்கள். அக்காவின் வீடு ஹார்ட்வெயார் கடையொன்றின் மேல்மாடி. கீழே முற்றம் முழுக்கச் சீமெந்து. கண்டாவளைக் காணி இந்தக் கலியாணத்துக்காகவே கைமாறிவிட்டது. அதனால்தான் பங்களாவைப் புதனுக்கும் சேர்த்து எடுத்திருக்கிறார். படிவத்தில் 'சிறு சடங்கு' என்று இருந்தது. சிறு சடங்கு என்றால் தேத்தண்ணியும் வடையும் என்று நினைத்துக் கையெழுத்து வைத்தவன் நான்.

நான் பலகையைக் காட்டினேன். அவர் அதை மூன்று மொழியிலும் பார்த்தார்.

"ஒரு சாண் ஆழம் காணும், தம்பி."

"விதி, அக்கா. விரல் போற அளவுக்குக்கூட ஏலாது."

நவ்பர் கதிரையை வைத்துவிட்டு வந்தான். "அம்மா, என்னட்டப் பெரிய பூச்சாடி இருக்கு. மண் நிரப்பித் தாறன். போன மாசம் ரெண்டு கலியாணம் அதிலதான் நடந்தது. ரெண்டும் நல்லா இருக்கு."

"வாளி வேண்டாம்."

"வாளி இல்லம்மா, சாடி. பூப் போட்டது."

"அடியில மூடியிருந்தா எல்லாம் வாளிதான்."

சொல்லிவிட்டு அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். தடியை மடியில் வைத்துக்கொண்டார். கோபமில்லை. கடைசி பஸ்ஸையும் விட்டவரைப் போல இருந்தார். மணி ஒன்பது இருபத்தைந்து.

தயாளினி என் பக்கமாக வந்தாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். "என்ர கலியாணத்துக்கு வாளியிலதான் ஊண்டினது, அண்ணை. இரண்டாயிரத்து எட்டு. புதுக்குடியிருப்பில ஒரு தறப்பாள் கொட்டில். சண்டை கிட்ட வர அங்கயிருந்தும் எழும்ப வேண்டி வரும் எண்டு எல்லாருக்கும் தெரியும். வாளியில எண்டா தூக்கிக்கொண்டு ஓடலாம்தானே."

"ஓடினனீங்களோ?"

"ஓம். நான்தான் தூக்கினனான், கடற்கரை வரைக்கும். உடுப்புப் பையை விட்டிட்டன், வாளியை விடேல்லை." சிரிக்க வேண்டிய இடம் என்று காட்டுவதுபோல அவளே கொஞ்சம் சிரித்தாள். "தடி துளிர்க்கேல்லை. அடுத்த வருசம் நாலாம் மாசம் அவரும் இல்லை. எங்கை எண்டு இண்டைவரைக்கும் தெரியாது."

படியிலிருந்த தாயைப் பார்த்துச் சற்று உரத்துச் சொன்னாள். "அம்மா, அவர் போனது வாளியால இல்லை."

"எனக்குத் தெரியும்," என்றார் அக்கா. "தெரிஞ்சுதான் இருக்கிறன். ஆனா கிருசாந்தியின்ரயாவது நிலத்தில நிக்கவேணும்."

நான் பங்களாக் கோப்பை விரித்தேன். ஐந்து வருடத்தில் எனக்குக் கைவந்த வீரச்செயல் அது ஒன்றுதான். திருத்த வேலைகளின் பட்டியல். பதினேழாம் உருப்படி: அறிவித்தல் பலகை நடுதல், குழி இரண்டு அடி, கொங்கிறீட் இட்டு இறுக்குதல். அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். வளவுக்குள் முறைப்படி அனுமதி எடுத்துத் தோண்டிய குழி அது ஒன்றே ஒன்று.

"நவ்பர், அந்தப் பலகை எவ்வளவு ஆடுது?"

"விழப்போற பால்பல்லு மாதிரி ஆடுது."

நாங்கள் இருவரும் குழாயைப் பிடித்தோம். நான் பிடித்தேன் என்பது பெயருக்குத்தான். எனக்கு முதுகு நோ. ஒரு ஆட்டு, ஒரு இழுவை. மரவள்ளிக் கிழங்குபோலச் சுகமாக வந்தது. அடியில் மண் மட்டுமே ஒட்டியிருந்தது. கொங்கிறீட் போட்டதாகக் கையெழுத்து வைத்த கொந்தராத்துக்காரரை முதல்முறையாக மனதுக்குள் வாழ்த்தினேன். சரிபார்த்ததாகக் கீழே கையெழுத்து வைத்திருந்தவன் நான்.

"தோண்டேல்லை," என்று அக்காவிடம் சொன்னேன். "குழி முந்தியே இருந்தது."

"ஈசான மூலையோ?" என்று ஒரு மாமி கேட்டார்.

"கொஞ்சம் தள்ளி," என்றேன். "இஞ்சினியர் கட்டேக்க எங்களைக் கேக்கேல்லை."

மணி ஒன்பது ஐம்பது. நவதானியமும் ஒரு நாணயமும் குழிக்குள் போட்டார்கள். தடியை இறக்கினால் அது நிற்கவில்லை. இரும்புக் குழாய்க்கு வெட்டிய குழி அகலமாக இருந்தது. ஒரு பக்கம் மண் போட்டால் மறுபக்கம் சாய்ந்தது.

"சுமங்கலி ஆராவது நேராப் பிடியுங்கோ," என்றார் மாமி.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். தயாளினி லொறிக்குப் பக்கத்தில், கூப்பிட முடியாத தூரம் என்று அவளே கணித்து வைத்திருந்த இடத்தில் நின்றாள்.

"தயா, வந்து பிடி."

"ஜெகா, அவள்…" என்று மாமி தொடங்கினார்.

"போன தரம் வாளியோட தூக்கினவள் அவள்தான். எப்பிடிப் பிடிக்கிறது எண்டு அவளுக்குத்தான் தெரியும்."

தயாளினி வந்து குந்தியிருந்து இரண்டு கையாலும் பிடித்தாள். மற்றவர்கள் மண்ணைத் தள்ளினார்கள். நவ்பர் தன் பங்குக்கு ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றினான். எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்தது. லொறி வந்தால் புழுதி அப்படித்தான்.

கலியாணம் நடந்தது. பிரதம விருந்தினர் இல்லாததால் நேரத்துக்கே நடந்தது.

ஐந்து கிழமை கழித்துச் சபையிலிருந்து கடிதம் வந்தது. அறிவித்தல் பலகை அதற்குரிய இடத்தில் காணப்படாமைக்கு ஏழு நாட்களுக்குள் எழுத்துமூல விளக்கம் தரவும். என் பெயர் சிவப்பு மையில் இருந்தது. பலகை எங்கேயும் போகவில்லை. முருக்கங்காலை ஆடு கடிக்காமல் இருக்க, குழாயோடு அதன் பக்கத்தில் குறுக்காகச் சாய்த்து வைத்திருக்கிறேன்.

விளக்கம் எழுத உட்கார்ந்தேன். 'மேற்படி பலகையை மீள நடுவதாயின் நிலத்தைத் தோண்ட வேண்டியுள்ளது. விதி ஒன்பதின்படி அதற்கு அனுமதியில்லை என்பதைத் தயவுடன் அறியத் தருகிறேன்.' இதற்காக என் ஓய்வூதியத்தில் எதையாவது வெட்டினாலும் வெட்டுவார்கள். வாசித்துப் பார்த்தேன். ஒரு எழுத்தும் பொய்யில்லை.

தொலைபேசி அடித்தது. வெள்ளிக்கிழமை காலை என்றால் யாரென்று பார்க்கத் தேவையில்லை.

"தம்பி, ஜெகதீஸ்வரி. ஏதும்…"

"இருங்கோ, அக்கா. போய்ப் பாத்திட்டுச் சொல்லுறன்."

முதுகைப் பிடித்துக்கொண்டு வெயிலுக்குள் நடந்தேன். போன கிழமை மூன்று இலை. பலகையை நகர்த்திவிட்டுக் குனிந்து எண்ணினேன்.

"அஞ்சு, அக்கா," என்றேன். "ஒண்டு நல்லாச் சின்னன். அதையும் சேத்துத்தான் சொல்லுறன்."