குழியிலிருந்து ஒரு வணக்கம்

போர் மூண்டதும் ஆண்களை எல்லைக்கு அனுப்பிவிட்டு, அரசாங்கத் துப்பாக்கி ஆலை பெண்களை வேலைக்கு எடுத்தது. மற்ற பெண்கள் இரைச்சலும் எண்ணெய் வாடையுமான கூடங்களுக்குப் போனார்கள். நாலு பேரைச் சேர்ந்தாற்போல் பார்த்தால் நா ஒட்டிக்கொள்ளும் ஹில்மாவுக்கு. அவள் ஊர்க்கோடியில் இருந்த சோதனைத் திடலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

செய்து முடித்த துப்பாக்கிகளை அங்கேதான் சுட்டுப் பார்ப்பார்கள். திடலின் ஒரு முனையில் சுடுபவனின் மரக்குடில். மறுமுனையில் மண்மேட்டுக்குக் கீழே பலகை அடித்த குழி. ஹில்மாவின் இடம் அந்தக் குழி. குண்டு வந்து பாய்ந்ததும், நீண்ட கழியின் நுனியில் இருந்த தட்டை ஓட்டையின் மேல் வைத்துக் காட்டுவாள். இலக்கில் படவில்லை என்றால் கழியை இப்படியும் அப்படியும் ஆட்டுவாள். அவ்வளவுதான் பேச்சு. நடுவில் யார் காலும் படாத புல்வெளி. அவள் பைன் காட்டுப் பாதையில் வருவாள், அவன் ஆலை வாசல் வழியாக. மாலையில் ஓட்டைகளுக்குத் தாள் ஒட்டி முடித்து அவள் நிமிரும்போது குடில் பூட்டியிருக்கும்.

ஒருநாள் காலை, சுடுவதற்கு முன், சும்மா தோன்றியது. கழியை உயர்த்திக் காற்றில் ஒரு வட்டம் போட்டாள். கொஞ்ச நேரத்தில், சுட்டு முடியும்வரை குடிலின் மேல் பறக்கும் சிவப்புக் கொடி இறங்கி ஏறியது. மறுபடியும் இறங்கி ஏறியது. அன்றிலிருந்து அது தினசரி வழக்கமாகிவிட்டது. காலை வணக்கம் சொல்ல அவளுக்கு உலகத்தில் வேறு யாரும் இல்லை. வாடகை அறைக்காரம்மா தன் பூனையோடு மட்டும்தான் பேசுவாள்.

"என்னடி, உன் கொடிக்காரன் என்ன சொல்றான்?" வழியில் ரொட்டிக் கடையில் காபிக் குடுவையை நிரப்பித் தரும் எல்னா சீண்டுவாள்.

"ரெண்டு தடவை இறக்கினாரு."

"அடேயப்பா! கல்யாணத்துக்கு எத்தனை தடவை இறக்கணுமாம்? பேரையாவது கேளேன்டி."

கேட்கவில்லை. கேட்டால் இருப்பதும் போய்விடும் என்று பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கொடி மூன்று முறை இறங்கியது. கயிறு நழுவியிருக்கும் என்று நினைத்தாள். திங்களன்று அவள் வட்டம் போட்டாள், கொடி அசையவேயில்லை. நான் என்ன தப்பு செய்தேன்? மனம் நொந்துபோய், பட்ட குண்டுகளையும் படவில்லை என்று ஆட்டிக்கொண்டே இருந்தாள். மறுநாள் கொடி வழக்கம்போல் இரண்டு முறை இறங்கியது. அவனுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது போலும் என்று, வெட்கத்தோடு ஒழுங்காகக் குறி காட்டினாள்.

போர் முடிந்தது. நூறு வருடத்துக்கும் மேலாக ராஜாவின் படைக்குத் துப்பாக்கி செய்த ஆலையில் ஒவ்வொரு கூடமாக விளக்கு அணைந்தது. பாதிப் பேர் தையல் இயந்திரம் செய்யப் போனார்கள். இனி ஆலைக்குள்ளேயே சுரங்கம் வெட்டி அதில் சுடுவார்களாம். இலக்கு கம்பியில் ஓடி வந்து தானே முகம் காட்டுமாம். ஹில்மா பொதி கட்டும் கூடத்துக்குப் போக வேண்டும்.

கடைசி நாள் ஏலக்காய் ரொட்டி இரண்டு வாங்கினாள். எல்னா கேலி பேசவில்லை. பையை மடித்துக் கொடுத்து, "போடி, பேசிட்டு வா" என்றாள்.

மாலையில் கொடி இறங்கியதும் ஹில்மா தாள் ஒட்டவில்லை. மேடேறிப் புல்வெளியில் நடந்தாள். 'நான்தான் குழியில இருக்கிறவ' என்ற ஒரே வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாள்.

குடிலில் பெட்டி மூடிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்தான். அவள் வாக்கியத்தைச் சொன்னாள்.

"அட, பொம்பளையா! நான் யாரோ பெரியவருன்னுல்ல நெனச்சேன். உக்காருங்க. நான் ரூனே."

"காலையில கொடியை ரெண்டு தடவை..."

"அது விதியாச்சே! மொத நாளு எனக்குத் தெரியாது. நீங்களும் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிட்டீங்க. ஒரு பெட்டித் துப்பாக்கியப் பட்டறைக்குத் திருப்பி அனுப்பி, மேஸ்திரிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். அப்புறம் பழைய ஆளுக்கு ஃபோன் போட்டா, 'கொடியை எறக்கலையா? அப்ப அப்படித்தான் ஆகும்'னு சிரிக்கிறாரு."

"பழைய ஆளா?"

"ஆல்வார். வடக்கே கிடங்குக்கு மாத்திட்டாங்கல்ல. நான் வந்தே மூணு வருஷம் ஆகுதே."

ரொட்டிப் பை அவள் கையில் கசங்கியது. "அவரு எப்போ போனாரு?"

"நான் சேர்ந்தது திங்கக்கிழமை. அதுக்கு முந்தின வெள்ளி."

கயிறு நழுவவில்லை.

"குழியில இருக்கிற ஆளைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

ரூனே நெற்றியைச் சொறிந்தான். "குறி காட்டுறதுல சுத்தமான ஆளுன்னாரு. வேற... இல்லீங்க. ஏன், அது விதி இல்லையா?"

"விதிதான்." அவனுக்கு ஒரு ரொட்டியைக் கொடுத்தாள். அவன் அதைக் கடித்தபடி கை கழுவப் போனான்.

ஹில்மா குழி இருந்த பக்கம் பார்த்தாள். இங்கிருந்து பார்த்தால் அங்கே தலைகூடத் தெரியாது. கழி மட்டும்தான் தெரிந்திருக்கும். அவள் கயிற்றை அவிழ்த்துக் கொடியை ஏற்றினாள். இறக்கினாள். ஏற்றி, இறக்கினாள். மறுபடியும் ஏற்றி, மெல்ல இறக்கினாள்.

"மூணு தடவை இறக்கிட்டீங்களே!" ரூனே துண்டோடு வந்து நின்றான்.

"கயிறு நழுவிடுச்சு" என்றாள்.