கோழிக் கதைக்கு ஒரு நிமிட மௌனம்

இந்தோனேசிய எழுத்தாளர் பாக் வார்டோயோ எழுதியதெல்லாம் சிரிப்புக் கதைகள். (‘பாக்’ என்றால் அங்கே ‘ஐயா’.) வாலிபத்தில் சிறையில் கிடந்ததைப் பற்றி மட்டும் ஒரே ஒரு சோகக் கதை. நான் மெனக்கெட்டு எல்லாவற்றையும் தமிழாக்கி அனுப்பினேன். மலேசியாவில், ஜொகூரில் தமிழ் இலக்கிய இதழ் நடத்தும் மனோகரன் அந்த ஒன்றைத்தான் போட்டார். அட்டையில் இரும்புக் கம்பி, மேலே ‘கண்ணீரின் குரல்’ என்று கொட்டை எழுத்து. மற்றவை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அவரு பேரைச் சொன்னாலே நம்ம வாசகருங்க கண்ணு கலங்குறாங்க, பேட்ரிசியா. அதைக் கெடுக்கலாமா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாக் வார்டோயோவின் மனைவி சுமியாத்தி போன வருடம்தான் தவறிப்போனார். கதைகளில் கூத்தடிப்பதெல்லாம் அந்த அம்மாள்தான். ஜொகூரின் ஸ்கூடாய் நகரில் வாசகர் சந்திப்புக்கு மனோகரன் அழைத்ததும், பாக் வார்டோயோ தள்ளாத வயதில் பாத்தாம் தீவிலிருந்து கப்பலேறி வந்தார். தன் மனைவியின் சேட்டைகளைக் கேட்டு வேறு மொழிக்காரர்கள் சிரிப்பதை ஒருமுறை காதால் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. கட்டாயம் சிரிப்பார்கள் என்று நானும் வாக்குக் கொடுத்தேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சிலர் கைக்குட்டையோடு தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவர் வாசிக்க வாசிக்க நான் தமிழில் சொன்னேன். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். விருந்துக்கு வாங்கிய கோழி தப்பித்து மாப்பிள்ளையின் காருக்குள் ஏறிக்கொள்கிறது. சுமியாத்தி கத்தியோடு ஓடிப்போய்க் காரை மறிக்கிறார். கத்தி தனக்குத்தான் என்று மாப்பிள்ளை ஓட்டம் பிடிக்கிறார்.

அவர் வாசித்த இந்தோனேசிய மொழி கிட்டத்தட்ட மலாய்தான்; மலாய் தெரியாதவர் அங்கே யாருமில்லை. அவர் வாயாலேயே கேட்டும் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒரு மாணவி மட்டும் களுக்கென்றாள். பக்கத்திலிருந்தவர்கள் முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மனோகரன் மைக்கைப் பிடித்தார். குரல் தழுதழுத்தது. உயிருக்குத் தப்பி ஓடும் அந்தக் கோழி வேறு யாருமல்ல, சிறையில் மாண்டவர்கள்தான் என்றார் தமிழில். அவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனம் காக்கச் சொன்னார். மண்டபமே எழுந்து நின்றது.

பாக் வார்டோயோ என் பக்கம் சாய்ந்து மலாயில் கேட்டார்.

"ஏன்மா எல்லாரும் நிக்கிறாங்க? கதை பிடிக்கலையா?"

உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"சுமியாத்தி அம்மாவுக்காக நிக்கிறாங்க, பாக்."

அவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். குலுங்கிக் குலுங்கி அழுதார். மனோகரன் படம் எடுப்பவருக்குக் கண்ணைக் காட்டினார்.

அடுத்த மாத இதழின் அட்டையில் அந்த அழுத முகம்தான். தமிழில் அவர் இனி சிரிக்கவே மாட்டார்.