வாசல் எந்தப் பக்கம்?

மேசை மேலிருந்த சிவப்புப் போன் திடீரென்று அலறியதில் சிவனேஸ்வரியின் கையிலிருந்த தேநீர் சிந்திவிட்டது. லண்டனின் ஹரோ பகுதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இயங்கிய அந்த நிவாரண அலுவலகத்தில், அந்தப் போனில் கூப்பிடுவது ஒரே ஒருவர்தான். போர்முனையில், இடிந்த பள்ளிக்கூடத்தின் நிலவறையில் குழந்தைகள் ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர் மகதி.

"என்ன பிள்ளை, ஷெல் அடிக்கிறாங்களோ?"

"ஐயோ, நல்ல சேதிக்கா! உங்க இளவரசி ஆபீஸ்லேர்ந்து போன் வந்துது. ஜெனரேட்டர் அனுப்புறாங்களாம். ராஜ வீட்டுச் சம்பந்தம்னா சும்மாவா?"

போன வாரம்தான் இளவரசி அந்த நிவாரண அமைப்பின் புரவலராகியிருந்தார். பத்திரிகைகளெல்லாம் படம் போட்டுக் கொண்டாடின. ஆனாலும் சிவனேஸ்வரி தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"என்னவெல்லாம் கேட்டவை?"

"எந்தத் தெரு, எத்தனை பெட்... லாரி வரணும்ல, வாசல் எந்தப் பக்கம்னுகூட."

"சொல்லிப்போட்டியோ?"

"ஆமா. இளவரசி பேரைச் சொல்லிக் கேட்டா, மாட்டேன்னா சொல்வேன்?"

சிவனேஸ்வரி இலங்கைப் போரின்போது வன்னியில் நர்ஸாக இருந்தவள். அவள் குரல் உயர்ந்தது. "நாங்களும் பாதுகாப்பு எண்டுதான் ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தை எழுதிக் குடுத்தனாங்கள். மூண்டாம் நாள் ஷெல் விழுந்து கூரை இல்லை. பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு இப்பவே வெளிக்கிடு!"

மகதியின் சிரிப்பு அடங்கிற்று. "முப்பத்தொரு குழந்தைங்கக்கா. ஆறு பேர் ஆக்சிஜன்ல. வெளியே பனி கொட்டுது. இந்தக் குளிர்ல தூக்கினா ரெண்டு மூணு பேர் வழியிலயே போயிடுவாங்க. கேட்டது அரண்மனைதான்னா நாங்க அசைய வேண்டாம். விசாரிச்சுச் சொல்லுங்க, லைன்ல இருக்கேன்."

சிவப்புப் போனை மேசையில் கிடத்திவிட்டு, சிவனேஸ்வரி தன் கைப்பேசியில் இளவரசியின் அலுவலகத்தை அழைத்தாள். காத்திருக்கச் சொல்லி வயலின் இசை போட்டார்கள். நான்கு நிமிடம். சிவப்புப் போனுக்குள் ஏதோ ஒரு குழந்தை விடாமல் இருமிக்கொண்டிருந்தது. 'ஓம், கேட்டது நாங்கள்தான்' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், முருகா.

கடைசியில் ஒரு பெண் அலுவலர் பேசினாள். சிவனேஸ்வரி மூச்சு விடாமல் விஷயத்தைக் கொட்டினாள். எதிர்முனையில் கணினியைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"மேடம்," என்றாள் அவள், மிக மெதுவாக. "அந்த டாக்டருடைய நம்பரே எங்களிடம் கிடையாது."